இடுப்பு டேப்பும் ஈறின் ஆழம் பார்க்கும் ப்ரோபும் ஒரே மேஜைக்கு வருமா? (கடலூர் – புதுவை முகாம் நடத்துவோர் கவனத்துக்கு)

#1 பந்தல்காரர், திருப்பாப்புலியூர்

நம்ம பக்கத்துத் தொற்றா நோய் முகாம்களில் வரிசை எப்போதும் ஒரே மாதிரிதான். முதல் மேஜையில் எடை, உயரம், இடுப்பு. அடுத்ததில் பிரஷர். அதற்கடுத்து விரல் குத்திச் சர்க்கரை. பல் டாக்டரைப் பந்தலின் கடைக்கோடியில் உட்காரவைத்து, "பல்லு வலிக்கிறவங்க மட்டும் அங்க போங்க" என்று மைக்கில் சொல்லிவிடுவார்கள். ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காது. அதனால் போகவேண்டியவர்கள் போவதில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வு 2023-இல் வெளியிட்ட கணக்கில் உடற்பருமனில் நாட்டிலேயே முதலிடம் புதுச்சேரிக்கு: பெரியவர்களில் 53.3%. வயிற்றுப் பருமன் 61.2%. சர்க்கரை நோய் 26.3%, கோவாவுக்கு அடுத்த இடம். அகில இந்திய அளவு வரிசையாக 28.6%, 39.5%, 11.4%. பெண்ணையாற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிற நாமும் வேறு சோறு தின்னவில்லை.

தொப்பைக்கும் ஈறுக்கும் தொடர்பு உண்டு என்று பலரும் சொல்கிறார்கள். எவ்வளவு உறுதியான தொடர்பு? ஆளுக்கு மூன்று நிமிடம்தான் கிடைக்கும் என்றால் வாயில் எதைப் பார்ப்பது? பார்த்தபிறகு என்ன சொல்லி அனுப்புவது? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கோரிமேட்டு ஈறு

கொழுப்பை உடம்பில் சும்மா தொங்கும் மூட்டை என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. அது ஒரு சுரப்பி மாதிரி வேலை செய்யும். குறிப்பாகக் குடலைச் சுற்றியுள்ள வயிற்றுக் கொழுப்பு. கொழுப்பு செல் அளவுக்கு மீறி ஊதும்போது அதற்குப் போகும் ரத்தமும் ஆக்சிஜனும் போதாமல் போகும், சில செல்கள் சாகும். செத்ததைத் தின்ன மேக்ரோஃபேஜ் செல்கள் வந்து மொய்க்கும். அவை வெளியிடும், அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-6 இரண்டும் ரத்தத்தில் கலக்கும். இன்டர்லூக்கின்-6 கல்லீரலைத் தட்டினால் அது சி.ஆர்.பி. என்ற புரதத்தைச் சுரக்கும். காய்ச்சலும் இல்லை, வலியும் இல்லை, ஆனால் உடம்பு நாள் முழுக்கக் குறைந்த தணலில் கொதித்துக்கொண்டே இருக்கும்.

இனி ஈறு. பல்லோரம் படியும் கிருமிப் படலமான பிளேக்கை எடுக்காமல் விட்டால் ஈறு வீங்கி ரத்தம் கசியும். இது ஈறு அழற்சி, ஒழுங்காகச் சுத்தம் செய்தால் முழுசாகத் திரும்பிவிடும். அடுத்த கட்டத்தில் ஈறு பல்லிலிருந்து பிரிந்து பை உண்டாகி, அடியில் எலும்பு கரையும். ஊரில் பயோரியா என்பது இதைத்தான். கரைந்த எலும்பு தானாகத் திரும்பாது.

இதில் பலர் தவறவிடும் விஷயம், எலும்பைக் கரைப்பது கிருமி நேரடியாகச் செய்யும் வேலை இல்லை என்பது. கிருமியை எதிர்க்கப் போகும் நம் உடம்பின் படையே ஆர்.ஏ.என்.கே.எல். என்ற சமிக்ஞையை ஏற்றிவிட்டு எலும்பு தின்னும் செல்களை எழுப்புகிறது. டி.என்.எஃப். ஆல்ஃபாவும் அதே விசையைத்தான் அழுத்தும். ஏற்கெனவே தணலில் இருக்கிற உடம்பில் அதே அளவு பிளேக் கூடுதல் எரிச்சலைக் கிளப்பும் என்பதற்குக் காரணம் இதுதான். அழற்சியை அடக்கும் அடிப்போனெக்டின் என்ற ஹார்மோன் பருமனானவர்களில் குறைந்தும்போகும். ஏற்றுவது கூடி, இறக்குவது குறைகிறது.

எதிர்த்திசையும் உண்டு. பை உள்ள ஈறு ஓர் ஆறாத புண். சாப்பிடும்போதும் பல் தேய்க்கும்போதும் கிருமியும் அதன் நச்சும் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குள் போகும், இன்சுலின் வேலை செய்வது தடைப்படும். "உள்ளங்கை அளவு புண்" என்று முகாம் பேனர்களில் போடுகிறார்கள். அது பழைய கணக்கு. 2001-இல் திருத்திக் கணக்கிட்டபோது 8 முதல் 20 சதுர செ.மீ. என்று வந்தது. அதுவே போதுமான அளவு பெரிய புண்தான், மிகைப்படுத்தத் தேவையில்லை.

#3 எண்ணாயிரத்தான்

கோரிமேட்டாரே, விளக்கம் நன்று. ஆனால் "ஏற்கெனவே தணலில் இருக்கிற உடம்பு" என்ற உவமையை முகாமில் சொன்னால் குண்டாக இருப்பவர்கள் எல்லாருக்கும் பயோரியா என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார்.

சான்றுகளின் வரிசை இப்படி. 1977-இல் பெர்ல்ஸ்டைன், பிசாடா என்ற இருவர் எலிகளில் செய்தது முதல் சோதனை: பல்லைச் சுற்றி நூல் கட்டி அழற்சியை உண்டாக்கியபோது பருத்த எலிகளுக்குச் சேதம் கூடுதலாக இருந்தது. 1998-இல் சாய்ட்டோ குழு ஜப்பானில் 241 பேரைப் பார்த்து மனிதர்களிலும் தொடர்பு உண்டு என்றது. பிறகு அமெரிக்காவின் பெரிய கணக்கெடுப்பு ஒன்றில் தொடர்பு இளம் வயதினரிடம்தான் தெளிவாக வந்தது. இவற்றில் பெரும்பாலானவை ஒரே நேரத்தில் இரண்டையும் அளந்தவை. எது முன், எது பின் என்று அவற்றால் சொல்ல முடியாது. ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளும் இருக்கின்றன. அவற்றிலும் தொடர்பு தெரிகிறது, ஆனால் அளவு மிதமானதுதான்.

இன்னொன்று. 2018-இல் வெளிவந்த உலக வகைப்பாட்டில் ஈறு நோயின் வேகத்தை ஏ, பி, சி (சி-தான் மிக வேகம்) என்று தரம் பிரிக்கும்போது தரத்தை உயர்த்தும் காரணிகளாக அட்டவணையில் நிற்பவை இரண்டுதான்: புகையும் சர்க்கரையும். நாளுக்கு 10 சிகரெட்டோ அதற்கு மேலோ என்றாலும், எச்.பி.ஏ.1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 7.0% அல்லது மேல் என்றாலும் நேராக சி தரம். பருமனுக்கு அந்த இடம் தரப்படவில்லை. ஆகவே மேஜையில் முன்னுரிமை: புகை, சர்க்கரை, அப்புறம்தான் இடுப்பு.

#4 வில்லியனூர் செவிலி

புகை, சர்க்கரை முதலில் என்பது சரிதான் சார். ஆனால் சர்க்கரை இருப்பதே தெரியாமல் வருகிறவர்களைக் கண்டுபிடிக்க இடுப்புதானே கையில் இருக்கிறது? இடுப்பு அளவை வைத்தே சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனத்தின் இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணைப் போட்டுவிடலாம், ரத்தமே எடுக்க வேண்டாம்.

வயது 35-க்குக் கீழ் 0, 35 முதல் 49 வரை 20, 50-ம் மேலும் 30. இடுப்பு ஆணுக்கு 90 செ.மீ.-க்குள், பெண்ணுக்கு 80-க்குள் இருந்தால் 0. அதிலிருந்து அடுத்த 10 செ.மீ.-க்குள் 10, அதற்கும் மேல் 20. உடற்பயிற்சியும் உடலுழைப்பும் இரண்டும் உண்டென்றால் 0, ஏதோ ஒன்று என்றால் 20, ஒன்றும் இல்லை என்றால் 30. அப்பா அம்மாவில் ஒருவருக்குச் சர்க்கரை 10, இருவருக்கும் 20. கூட்டி 60 வந்தால் கட்டாயம் ரத்தப் பரிசோதனை. 52 வயது அம்மா, இடுப்பு 88, நடைகூட இல்லை, தாயாருக்குச் சர்க்கரை: 30+10+30+10 = 80. இதைப் போட அரை நிமிடம்.

ஆனால் இடுப்பை அளப்பதில்தான் கோட்டை விடுகிறோம். புடவைக் கட்டின் மேலேயே டேப்பைச் சுற்றுவது, தொப்புளை வைத்து அளப்பது, வேட்டி மடிப்போடு அளப்பது. கடைசி விலா எலும்பின் கீழ் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள், இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் டேப். தரைக்கு இணையாக, சதையை அழுத்தாமல், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நொடியில் படிக்க வேண்டும். வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பார்கள், ஒரு பேச்சுக் கொடுத்தால் இறங்கிவிடும். கர்ப்பிணிக்கு அளக்க வேண்டாம்.

பிரஷர் மேஜைக்கும் ஒரு வார்த்தை. கையில் சுற்றும் சாதாரணப் பட்டை 27 முதல் 34 செ.மீ. சுற்றளவுள்ள மேல்கைக்கு. 35-க்கு மேல் போனால் பெரிய பட்டை வேண்டும். சின்னப் பட்டையை இழுத்துக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். அந்த அளவை நம்பிப் பல் டாக்டர் சிகிச்சையைத் தள்ளிப்போடுவார், அல்லது தேவையில்லாத மாத்திரை தொடங்கும்.

#5 மஞ்சக்குப்பம் மருந்தாளுநர்

மாத்திரை என்றதும் ஞாபகம் வருவது: அம்லோடிபின்.

பருமன் இருப்பவர்களில் நிறையப் பேருக்குப் பிரஷர் மாத்திரை உண்டு, அதில் பாதி நேரம் அம்லோடிபின்தான். இது சிலருக்கு ஈறை வளர்த்துவிடும். முன்பல் இடைவெளிகளில் குமிழ் குமிழாக, கெட்டியாகத் தொங்கும். நிஃபெடிபின், வலிப்புக்கான ஃபெனிடாயின், சிறுநீரக மாற்று செய்தவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். பார்த்த உடனே "சதை போட்டதால ஈறு வீங்கிடுச்சு" என்று முடிவு கட்டாதீர்கள். மருந்துச் சீட்டை வாங்கிப் பார்க்க வேண்டும். அதே சமயம் மாத்திரையை நிறுத்தச் சொல்லவும் கூடாது. எழுதிய மருத்துவரிடம் ஒரு குறிப்பு அனுப்பினால் அவர் வேறு வகைக்கு மாற்றுவார். பிளேக் குறைந்தாலே வீக்கம் ஓரளவு வற்றும்.

#6 கோரிமேட்டு ஈறு

மருந்தாளுநர் சொன்னதோடு ஓர் அளவுப் பிழையும் சேர்ந்துவரும். ஈறு மேல்நோக்கி வளர்ந்திருந்தால் ப்ரோப் 5 மி.மீ. காட்டும், ஆனால் எலும்பு கரைந்திருக்காது. பொய்ப் பை. பல் தலையும் வேரும் சேரும் கோட்டிலிருந்து ஈறின் பிடிப்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இப்போது மூன்று நிமிடக் கணக்கு. முழு வாயும், பல்லுக்கு ஆறு இடம் வீதம் அளக்க முகாமில் முடியாது. வாயை ஆறு பகுதியாகப் பிரித்துப் பகுதிக்கு ஒரு மோசமான எண். கருவி உலக சுகாதார நிறுவனத்தின் ப்ரோப்: நுனியில் 0.5 மி.மீ. உருண்டை, 3.5 முதல் 5.5 மி.மீ. வரை கறுப்புப் பட்டை. உருண்டை நுனி ஈறைக் குத்தாமல் காக்கும், அடியில் காரை (இறுகிக் கல்லான பிளேக்) இருந்தால் கரடுமுரடாக உணர்த்தியும் காட்டும்.

அழுத்தம் 20 முதல் 25 கிராம், அதற்கு மேல் வேண்டாம். கட்டைவிரல் நகத்துக்கும் சதைக்கும் இடையே ப்ரோபை வைத்து அழுத்திப் பழகுங்கள். வலிக்காமல் வெளுத்தால் அளவு சரி. பல்லோடு ஒட்டியபடியே பைக்குள் நடத்திச் செல்ல வேண்டும், குத்தி எடுக்கக் கூடாது.

கறுப்புப் பட்டை முழுதும் வெளியே தெரிகிறது, ரத்தம் இல்லை என்றால் 0. தொட்ட 10 – 15 நொடியில் ரத்தம் வந்தால் 1. காரை தட்டுப்பட்டால் 2. பட்டை பாதி மறைந்தால் 3. முழுதும் மறைந்தால் 4, அதாவது 6 மி.மீ. அல்லது மேல். 3, 4 வந்தவர்களைப் பல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். கடலூர் மாவட்டத்தவருக்குச் சிதம்பரத்தில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புதுவைக்காரர்களுக்குக் கோரிமேட்டில் மகாத்மா காந்தி பட்டமேற்படிப்புப் பல் அறிவியல் நிறுவனம். 1, 2 வந்தவர்களுக்குச் காரையை எடுக்கும் சாதாரண ஸ்கேலிங்கும், துலக்கக் கற்றுக்கொடுப்பதும் போதும்.

ஒரு பொறி: புகைபிடிப்பவருக்கு ரத்தக்குழாய் சுருங்கி ஈறு வெளிறி, ரத்தம் வராமல் இருக்கும். ரத்தம் இல்லை என்று 0 போட்டுவிடாதீர்கள், ஆழத்தைப் பாருங்கள். சிகரெட்டை விட்டபிறகு சில வாரம் ரத்தம் கூடுதலாக வந்து "விட்டதாலதான் கெட்டுச்சு" என்று பயப்படுவார்கள். அது குணமாகும் அறிகுறி என்று முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டும்.

#7 சோற்றுக்கணக்கு, முதுநகர்

எல்லாரும் ஈறிலேயே நிற்கிறீர்கள், வயிற்றுக்கு இறங்குகிறேன்.

2009-இல் சுவிட்சர்லாந்தில் 10 பேரை நான்கு வாரம் கற்கால மனிதர்கள் மாதிரி வாழவைத்துப் பார்த்தார்கள். பிரஷ் கிடையாது, பேஸ்ட் கிடையாது. சர்க்கரை, மாவு வகை கிட்டத்தட்டக் கிடையாது. முடிவில் பல்லில் பிளேக் ஏறியிருந்தது. ஆனால் தொட்டால் ரத்தம் வரும் இடங்கள் சுமார் 35%-லிருந்து 13%-க்கு இறங்கியிருந்தன. 2016-இல் ஜெர்மனியில் 15 பேரை வைத்து ஒரு சோதனை: மாவுச்சத்தைக் குறைத்து, ஒமேகா-3, வைட்டமின் சி, நார்ச்சத்தைக் கூட்டினார்கள். பிளேக் பெரிதாக மாறவில்லை, ஈறு அழற்சி ஏறத்தாழப் பாதியானது. இரண்டும் சிறிய ஆய்வுகள்தான். இதைப் படித்துவிட்டு பிரஷைத் தூக்கி எறிபவர் இருந்தால் அவருடைய பல் அவருடைய பொறுப்பு! ஆனாலும் தட்டில் இருப்பது ஈறின் எரிச்சலை மாற்றுகிறது என்பதற்கு இவை நல்ல அடையாளம்.

நம்ம ஊர்ச் சமையலறையில் இதற்கு வெளிநாட்டுச் சாமான் எதுவும் வேண்டாம். முதுநகர் மீன்சந்தையில் மத்தி, கவளை, கானாங்கெளுத்தி எல்லாம் வஞ்சிரத்தைவிட மலிவு, ஒமேகா-3 அதிகம். வாரம் இரண்டு நாள் குழம்பாக வைத்தால் போதும். பொரித்தால் எண்ணெய்க் கலோரி ஏறிப் பாதி லாபம் போய்விடும். வைட்டமின் சி-க்கு ஒரு நடுத்தரக் கொய்யா ஒரு நாள் தேவையைத் தாண்டும். நெல்லிக்காய் இன்னும் மேல், ஆனால் தேன் நெல்லி என்றால் அது மிட்டாய்தான்.

பண்ருட்டிக்காரர்களுக்கு மட்டும்: முந்திரி நல்லதுதான், பத்துப் பருப்புக்கு ஏறத்தாழ 90 கலோரி. கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு டி.வி. பார்த்தால் ஒரு வேளைச் சோறு உள்ளே போயிருக்கும்.

இன்னொரு பாதையையும் யாரும் சொல்லவில்லை. கடைவாய்ப் பல் போனவர் முதலில் விடுவது கீரைத்தண்டு, சுண்டல், வெள்ளரி, கொய்யா. அவர் சேர்த்துக்கொள்வது சால்னாவில் ஊறிய பரோட்டா, காபியில் நனைத்த பன், குழைந்த சோறு. மெல்ல முடியாத வாய் மெல்லவேண்டாத உணவைத் தேடும். ஆகையால் முகாம் தாளில் "கடைவாயில் மேலும் கீழும் கடிக்கப் பல் இருக்கிறதா?" என்று ஒரு கட்டம் வையுங்கள். இல்லாதவருக்கு "காய்கறி நிறையச் சாப்பிடுங்க" என்று சொல்வது வெறும் சம்பிரதாயம். பொரியலைத் துருவிச் செய்யுங்கள், பயறை முளைகட்டி வேகவைத்து மசியுங்கள் என்று சொன்னால்தான் அவரால் செய்ய முடியும்.

#8 நெல்லிக்குப்பம் சுத்தம்

கேள்வி ஒன்று. நல்லெண்ணெய் கொப்பளித்தால் போதுமா? வருகிறவர்கள் தினமும் கேட்பது இதுதான். அடுத்தது உப்பும் கரியும்.

#9 கோரிமேட்டு ஈறு

எண்ணெய் கொப்பளிப்பது பல் மேல் பரப்பில் பிளேக்கை ஓரளவு குறைக்கலாம், கெடுதல் இல்லை. பைக்குள்ளோ பல்லிடுக்கிலோ போகாது. துலக்குவதோடு சேர்த்துச் செய்யட்டும், பதிலாகச் செய்யக் கூடாது. கரி, செங்கல்தூள், மணல் கலந்த பல்பொடி எல்லாம் ஈறோரத்தில் பல்லைத் தேய்த்துப் பள்ளம் போடும். பிறகு ஐஸ் வாட்டர் குடித்தால் சுரீர் என்று இழுக்கும்.

பல்லிடுக்கு பிரஷ் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஈறு நோய் தொடங்குவது இடுக்கில்தான். இடைவெளி இருப்பவருக்கு நூலைவிட இது வசதி. லேசான இறுக்கத்தோடு நுழையும் அளவாக இருக்க வேண்டும், கம்பி பல்லில் உரசினால் ஒரு அளவு கீழே. பேஸ்ட் வேண்டாம். முன்னும் பின்னும் இரண்டு மூன்று முறை, ராத்திரி படுக்குமுன். தூவி சாய்ந்ததும் தூக்கிப்போட வேண்டும். முதல் வாரம் ரத்தம் வரும். "ரத்தம் வருதுன்னு விட்டுட்டேன்" என்பதுதான் எங்கும் கேட்கும் தவறு. வீங்கின ஈறு என்பதால் ரத்தம், தொடர்ந்தால் அதுவே நிற்கும். இரண்டு வாரம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் அடியில் காரை இருக்கிறது என்று அர்த்தம்.

கைகள் பருமனாகி விரல் மடங்கக் கஷ்டப்படுபவருக்குப் பிரஷ் பிடியில் பழைய சைக்கிள் கைப்பிடி ரப்பரைச் செருகித் தடிமனாக்கலாம். மலிவான வழி.

#10 எண்ணாயிரத்தான்

ஈறு சிகிச்சை செய்தால் சர்க்கரை குறையும் என்று துண்டுப்பிரசுரத்தில் போடுவதற்கு முன் 2013-இல் வந்த அமெரிக்க ஆய்வையும் படியுங்கள். சர்க்கரை நோயாளிகள் 514 பேர், ஆறு மாதம். டீப் கிளீனிங் (ஈறுக்கு அடியில் வேர்வரை சுத்தம்) செய்த குழுவில் எச்.பி.ஏ.1சி இறங்கவில்லை.

#11 கோரிமேட்டு ஈறு

அந்த ஆய்வை நன்றாகவே தெரியும். அதை நம்ம தலைப்புக்கான பாடமாகவே எடுத்துக்கொள்ளலாம். சிகிச்சைக்குப் பிறகும் ஐந்தில் இரண்டு இடங்களுக்கு மேல் ரத்தம் வந்துகொண்டே இருந்தது. வீடு கூட்டியாச்சு என்கிறார்கள், குப்பை அப்படியே கிடக்கிறது. அதோடு அவர்களுடைய சராசரி பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 34 சுற்றி. கொழுப்பிலிருந்து வரும் அழற்சி அவ்வளவு இருக்கும்போது ஈறிலிருந்து வரும் பங்கை மட்டும் குறைத்தால் மொத்தம் அசையாமல் போவது ஆச்சரியமில்லை.

எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பின் 2022 பதிப்பு 3 – 4 மாதத்தில் எச்.பி.ஏ.1சி-யில் சராசரி 0.43 புள்ளி இறக்கம் என்கிறது. 8.4 இருந்தால் 8.0 பக்கம். மாத்திரையை நிறுத்தும் அளவு இல்லை, ஆனால் இரண்டாவது மாத்திரை ஒன்றைச் சேர்த்தால் கிடைப்பதில் பாதியாவது இருக்கும். பிரசுரத்தில் இப்படிப் போடலாம்: "சர்க்கரை மாத்திரையோடு ஈறு சிகிச்சையும் சேர்த்தால் சர்க்கரை இன்னும் கொஞ்சம் இறங்கலாம்." எடை குறையும் என்று மட்டும் போடாதீர்கள். ஸ்கேலிங்கால் எடை குறையாது.

#12 எண்ணாயிரத்தான்

இந்த வாசகம் எனக்குச் சம்மதம். "லாம்" விகுதியைத் தட்டச்சுக்காரர் விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

#13 பந்தல்காரர், திருப்பாப்புலியூர்

எடையைக் குறைத்துவிட்டு அப்புறம் ஈறைப் பார்க்கலாம் என்று சிலர், சர்க்கரை கட்டுக்குள் வந்தால்தான் ஸ்கேலிங் என்று சிலர். எது முதலில்?

#14 கோரிமேட்டு ஈறு

காத்திருக்கவே கூடாது. ஈறு அறுவை, பல் பதித்தல் இவற்றுக்குத்தான் சர்க்கரை இறங்கும்வரை பொறுக்க வேண்டும். ஸ்கேலிங்கும் வேர் சுத்தமும் அழற்சியைக் குறைக்கும் வேலை. சர்க்கரை ஏறியிருப்பவருக்கு அது இன்னும் அவசரம்.

சிகிச்சை நாளில் செய்ய வேண்டியது: காலைச் சாப்பாட்டையும் வழக்கமான மாத்திரையையும் எடுத்துக்கொண்டு காலை நேரத்திலேயே வரச் சொல்லுங்கள். பல் டாக்டரிடம் போகிறோம் என்று வெறும் வயிற்றோடு இன்சுலின் போட்டுவந்து நாற்காலியில் மயங்குவதுதான் உண்மையான ஆபத்து. சர்க்கரை 70-க்குக் கீழ் என்றால் முதலில் குளுக்கோஸ், பிறகு மற்றது. பிரஷர் 180/110 என்றால் அன்றைக்கு வேண்டாம். ஆஸ்பிரினைத் தானாக நிறுத்திவிட்டு வரக் கூடாது, ஸ்கேலிங்கின் ரத்தக்கசிவைப் பஞ்சு வைத்து அழுத்தினாலே நிறுத்திவிடலாம்.

கழுத்து தடித்தவர், குறட்டை பலமாக விடுபவர் என்றால் நாற்காலியை முழுதும் சாய்க்க வேண்டாம். பாதிச் சாய்வு. முழுதும் படுத்தால் நாக்கு பின்னால் விழுந்து, அல்ட்ராசோனிக் கருவியின் தண்ணீரும் சேர்ந்து மூச்சு முட்டும். உறிஞ்சு குழாயைப் பிடிக்க ஒரு ஆள் தனியாக வேண்டும். நாற்காலி எத்தனை கிலோ தாங்கும் என்று அடித்தட்டு ஸ்டிக்கரில் இருக்கும், ஆள் வருமுன் படித்துவையுங்கள். அவரை ஏற்றிவிட்டு இறக்கச் சொல்வது போன்ற அவமானம் வேறில்லை, அப்புறம் அவர் வரவே மாட்டார்.

செய்வதில் நேரும் பெரிய தவறு: ஆழமான பை உள்ளவருக்கு மேலோட்டமாக மட்டும் ஸ்கேலிங் செய்து அனுப்புவது. மேல் ஈறு இறுகிவிடும், உள்ளே காரையும் கிருமியும் அடைபடும், சில நாளில் சீழ்க்கட்டி. சர்க்கரைக்காரருக்கு ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடத்தில் கட்டும். பிறகு "கிளீன் பண்ணதாலதான் வீங்கிடுச்சு" என்று தெரு முழுக்கப் பேச்சு. அவர் சொல்வதிலும் பாதி நியாயம் உண்டு. 4 மி.மீ.-க்கு மேல் போனால் மரப்பு ஊசி போட்டு, வேர்வரை சுத்தம் செய்ய வேண்டும். இரண்டு முதல் நான்கு அமர்வு.

#15 மஞ்சக்குப்பம் மருந்தாளுநர்

குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவி பற்றிக் கவுண்டரில் சொல்வது: 0.2% என்றால் 10 மி.லி., ஒரு நிமிடம், இரண்டு வேளை, இரண்டு வாரம். மாதக்கணக்கில் போட்டால் பல் பழுப்பாகும், நாக்கில் ருசி மாறும். பேஸ்ட் போட்டுத் துலக்கிய அரை மணி கழித்துத்தான் கொப்பளிக்க வேண்டும். பேஸ்டின் நுரை அதன் சக்தியைக் குறைத்துவிடும்.

ஈறு வீக்கத்துக்கு மெட்ரோனிடசோல், அமாக்ஸிசிலின் கேட்டு நேராக வருகிறார்கள். காரையை எடுக்காமல் மாத்திரை மட்டும் போட்டால் பத்து நாளில் பழைய கதைதான். மெட்ரோனிடசோல் சாப்பிடும் நாட்களில் மது கூடவே கூடாது, புதுவையில் இதைத் தனியாக அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எடை குறைக்கும் ஊசிகள், அதாவது செமாக்ளூடைட், டிர்செபடைட், 2025 முதல் நம்ம கடைகளிலும் வருகின்றன. குமட்டல், வாந்தி உள்ளவர் வாந்தி எடுத்த உடனே பல் துலக்கக் கூடாது. அமிலத்தில் இளகிய எனாமல் தேய்ந்துபோகும். வெறும் தண்ணீரில் கொப்பளித்து அரை மணி பொறுக்கட்டும். சாப்பாடு குறையும்போது தண்ணீரும் குறைந்து வாய் வறளும், எச்சில் இல்லாத வாயில் பிளேக் வேகமாக ஏறும்.

#16 வில்லியனூர் செவிலி

ஐப்பசி, கார்த்திகையில் முகாம் போடுகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். காய்ச்சலோடு ஈறில் ரத்தம் என்றால் அது இந்த மேஜையின் வேலையே இல்லை, டெங்குவாக இருக்கலாம். ப்ரோப் வைக்காதீர்கள், தட்டணு எண்ணிக்கை பார்க்க உடனே அனுப்புங்கள். பிளேக்கே இல்லாமல் ஈறு வீங்கித் தானாக ரத்தம் கசிந்து, ஆள் வெளுத்திருந்தாலும் அப்படியே: முழு ரத்த எண்ணிக்கை.

#17 பந்தல்காரர், திருப்பாப்புலியூர்

கடைசியாக ஒன்று. சி.ஆர்.பி. பரிசோதனையும் சேர்க்கலாமா? எச்.பி.ஏ.1சி மறுபடி எப்போது?

#18 எண்ணாயிரத்தான்

சி.ஆர்.பி. வேண்டாம், காசு வீண். நுண்ணளவு சி.ஆர்.பி.யில் லிட்டருக்கு 1 மி.கி.க்குக் கீழ் நல்லது, 3-க்கு மேல் இதய அபாயம் கூடுதல் என்பார்கள். ஆனால் சளி, மூட்டு வலி, சொத்தைப் பல் எதுவும் அதை ஏற்றும். எங்கே எரிகிறது என்று அது சொல்லாது. டீப் கிளீனிங் செய்த மறுநாள் அளந்தால் ஏறியிருக்கும்கூட. 2007-இல் 120 பேரிடம் செய்த சோதனையில் முதல் 24 மணி நேரத்தில் ரத்தக்குழாய் விரியும் தன்மையே குறைந்து, ஆறு மாதத்தில் முன்பைவிட நன்றாக ஆனது.

எச்.பி.ஏ.1சி சிகிச்சை முடிந்து மூன்று மாதம் கழித்து. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள், அதற்குமுன் பார்த்தால் பழைய சர்க்கரைதான் தெரியும். இரும்புச்சத்துக் குறைவான பெண்களுக்கு இந்த எண் பொய்யாக ஏறிக் காட்டும். அவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரையும் பாருங்கள்.

#19 கோரிமேட்டு ஈறு

அந்த மூன்று மாதத்திலேயே ஈறு பையையும் மறுபடி அளந்துவிடலாம், ஒரே வரவில் இரண்டு வேலை. 4 மி.மீ.-ம் அதற்குக் கீழும், ரத்தம் இல்லை என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்பு. 6-க்கு மேல் நின்றால் அறுவையா என்று பேசலாம். தாளில் இடுப்பு, எச்.பி.ஏ.1சி, ஆறு ஈறு எண்கள் மூன்றும் ஒரே வரியில் வரட்டும். அடுத்த தேதியைப் பக்கத்திலேயே எழுதி, ஆளிடம் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள் பந்தல்காரரே. முகாம் ரிஜிஸ்டரில் மட்டும் இருந்தால் அது பீரோவுக்குள்தான் போகும்.

#20 பந்தல்காரர், திருப்பாப்புலியூர்

கார்பன் தாள் வாங்கியாச்சு. பல் மேஜையைச் சர்க்கரை மேஜைக்கு அடுத்து இழுத்துப் போடுகிறோம். ப்ரோப் எத்தனை வேண்டும்? ஆட்டோகிளேவ் பந்தலில் கிடையாது.

#21 நெல்லிக்குப்பம் சுத்தம்

வருகிற ஆளுக்கு ஒன்று வீதம், கிருமிநீக்கி உறையில் அடைத்து முந்தின நாளே கொண்டுவர வேண்டும். 100 பேர் என்றால் 100, மேலே ஒரு பத்து. ஸ்பிரிட்டில் முக்கி அடுத்தவருக்கு வைக்கிற வேலை வேண்டாம், ரத்தம் படுகிற கருவி. உறையில் நிறம் மாறும் பட்டை மாறியிருக்கிறதா என்று பார்த்தபிறகு உறையைப் பிரித்துக்கொள்ளுங்கள். அத்தனை கிடைக்காவிட்டால் ஆள் எண்ணிக்கையைக் குறையுங்கள்.